லிக்னின்: கழிவா, மூலப்பொருளா?



எண்ணெயும் நீரும் ஒன்று சேரா என்பதை யாவரும் அறிவோம். வேப்பெண்ணெயை நீரில் கலந்து பயிருக்குத் தெளிக்கும் உழவர், அதனுடன் சோப்புக் கரைசலையும் சேர்க்கிறார். எண்ணெய் சிறு துளிகளாகப் பிரிந்து நீரில் பரவி நிற்கிறது. இத்தகைய கலவையே பால்மம் எனப்படும். பூச்சி மருந்து, முகப்பூச்சு, உணவுப் பண்டம் எனப் பல தொழில்களுக்குப் பால்மங்கள் இன்றியமையாதவை. அவற்றை நிலைநிறுத்தும் பொருள்களில் பல பெட்ரோலியத்திலிருந்து பெறப்படுகின்றன.

இப்பணியை நுண்துகள்களும் செய்யும் என்பதை 1903-இல் ராம்ஸ்டனும் 1907-இல் பிக்கரிங்கும் எடுத்துரைத்தனர். துகள்கள் எண்ணெய்த் துளியைச் சுற்றிக் கவசம்போல் படிந்து, துளிகள் ஒன்றோடொன்று இணையாதவாறு தடுக்கின்றன. தாவரங்களுக்கு உறுதியளிக்கும் லிக்னினிலிருந்து அத்துகள்களைச் செய்ய இயலும் என அண்மைக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. அசிட்டோனும் நீரும் கலந்த கரைப்பானில் லிக்னினைக் கரைத்து மிகுதியான நீரில் சேர்த்தால், அது நுண்ணிய உருண்டைகளாகப் பிரிகிறது. மேலும், லிக்னின் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சும். வேம்பின் அசாடிராக்டின் வெயிலில் சிதையும். எனவே, இத்துகள்கள் பால்மத்தை நிலைநிறுத்துவதோடு மருந்தையும் காக்கக்கூடும்.

மரத்தில் ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காடு லிக்னின் உள்ளது. காகித ஆலைகளில் கூழ் காய்ச்சும்போது அது கரிய கழிவு நீரில் சேர்கிறது. ஆயினும், அது விலையின்றிக் கிடைக்கும் பொருள் என்று கருதுவது பிழை. பெரிய ஆலைகள் அந்நீரைச் செறிவாக்கி எரித்து, நீராவி பெறுகின்றன, இரசாயனங்களையும் மீட்கின்றன. லிக்னினைப் பிரித்தெடுத்தால் அதற்கு ஈடாக வேறு எரிபொருள் வாங்க நேரிடும். அச்செலவையும் லிக்னினின் விலையில் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

வைக்கோலையும் கரும்புச் சக்கையையும் பயன்படுத்திய சிறு ஆலைகளின் நிலை வேறு. அவற்றின் கழிவு நீரில் சிலிக்கா மிகுதி; மீட்புக் கொதிகலனுக்கான முதலீடோ அவற்றின் சக்திக்கு அப்பாற்பட்டது. பல ஆலைகளின் கழிவு நீர் ஆறுகளை மாசுபடுத்தியது. அத்தகைய இடங்களில் லிக்னினை அகற்றுவதே ஒரு நன்மையாகும்.

பானிப்பட்டில் 2022 ஆகஸ்டில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட ஆலை, ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் தயாரிக்கும் வகையில் அமைக்கப்பட்டது. வைக்கோலின் லிக்னின் எத்தனாலாக மாறுவதில்லை. இத்தகைய ஆலைகள் பெருகுமாயின் எஞ்சும் லிக்னினும் பெருகும்.

கரைப்பானை மீட்கும் செலவு என்ன? வெவ்வேறு பயிர்களின் லிக்னின் ஒரே தரத்தில் அமையுமா? உணவில் சேர்ப்பது பாதுகாப்பானதா? ஆய்வுக்கூடம் இவற்றுக்கு விடை தரட்டும். லிக்னினை எடுப்பதால் ஆலை எதை இழக்கிறது, ஆறு எதைப் பெறுகிறது என்ற கணக்கைப் பொருளியல் பயிலும் நீங்கள் போட வேண்டும். அக்கணக்கு தெளிவானால் முதலீட்டுக்கு வழி பிறக்கும்.