கல்லை எடுத்தாச்சு, குழி யாருக்கு?

(சுற்றுச்சூழல் அணியின் கலந்தாய்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. நேரில் வர இயலாத தோழர்களுக்காக எழுத்து வடிவில் பகிர்கிறோம்.)



உங்க ஊர்ப் பக்கத்துல மூடிப்போன கல்குவாரி ஒண்ணு இருக்கா? சில ஊர்ல கல்லுக்குட்டைன்னு சொல்வாங்க, திருப்பூர்ப் பக்கம் பாறைக்குழிம்பாங்க. பேர் எதுவானாலும் நிலைமை ஒண்ணுதான். குத்தகை முடிஞ்சுது, கிரஷர் போச்சு, லாரி போச்சு. குழி மட்டும் நமக்கு மிச்சம்.

ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் அந்தச் செய்தியைப் பார்க்கிறோம். குவாரித் தண்ணீரில் குளிக்கப் போன பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. "நீச்சல் தெரிஞ்ச பையனாச்சே"ன்னு ஊரே கதறும். ஏரிக்கும் குவாரிக்கும் உள்ள வித்தியாசத்தை நாம பிள்ளைகளுக்குச் சொல்லித் தரணும் தோழர்களே. ஏரியில கரை சரிவா இறங்கும். முதல்ல கணுக்கால், அப்புறம் முழங்கால், அப்புறம் இடுப்புன்னு தண்ணீரே நமக்கு எச்சரிக்கை தரும். குவாரியில முதல் அடி தரையில, அடுத்த அடி ஆள் ஆழத்துக்கும் கீழே. சுற்றிலும் செங்குத்தா வெட்டின பாறை, அதுல பாசி. நல்லா நீந்துறவனுக்கும் ஏறி வரப் பிடிமானம் கிடையாது. அதுக்கு நிர்வாகம் வழக்கமா கொடுக்கிற பதில் ஒரு பலகை: "ஆழமான பகுதி, குளிக்காதீர்." ரெண்டு மழைக்கு அந்த எழுத்தும் அழிஞ்சிடும்.

பலகை போதாதுன்னு சொல்லத்தான் இன்னைக்கு வந்தேன். குழியை ஊருக்குத் திருப்பித் தரணும். வேலியோட, படியோட, நிழலோட, பூங்காவாத் தரணும். அதை எப்படி அமைக்கணும்னு டெண்டர் விடுறதுக்கு முன்னாடியே ஊரைக் கேட்கணும். இந்த ரெண்டாவது பாதியைத்தான் எல்லாரும் மறந்துடுறாங்க.

சென்னை மக்களுக்கு ஒண்ணு ஞாபகப்படுத்துறேன். 2017 வறட்சியில ஏரிகள் வத்திப்போச்சு. அப்ப மாங்காடு பக்கத்துல சிக்கராயபுரம் கைவிடப்பட்ட குவாரிகள்ல தேங்கிக் கிடந்த தண்ணீரைச் சோதிச்சுப் பார்த்து, செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோனாங்க. நாளொன்றுக்கு 3 கோடி லிட்டர் அளவுக்கு எடுத்தாங்க. 2019-லயும் அதே குவாரிகள்தான் கைகொடுத்துச்சு. யாரும் திரும்பிப் பார்க்காத குழி, தலைநகரத்துக்குத் தண்ணி கொடுத்துச்சு! அதனால குவாரியைக் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டி மூடிட்டு, அதுக்கு மேல புல்லு போட்டு "பூங்கா"ன்னு சொன்னா அதை நாம ஏத்துக்கக் கூடாது. மழைநீர் தேங்குற இடம் அது. தண்ணியைக் காப்பாத்திக்கிட்டே பூங்கா அமைக்கணும்.

வெளிநாட்டு உதாரணம் வேணும்னா பாரிஸ் நகரத்துல இருக்கு. ஜிப்சம் வெட்டி, அப்புறம் குப்பை கொட்டின இடத்தை மூன்றாம் நெப்போலியன் பூங்காவாக்கச் சொன்னார். 1867-ல திறந்தாச்சு. மன்னர் உத்தரவு போட்டார், முடிஞ்சது. நமக்கு மன்னர் கிடையாது, வேணவும் வேணாம். நமக்குப் பொருத்தமான உதாரணம் நம்ம நாட்டுலயே இருக்கு.

ஹரியானாவில் குருகிராம் நகரம். ஆரவல்லி மலையை வெட்டி வெட்டிக் கல்லெடுத்த இடம், ஏறத்தாழ 380 ஏக்கர். சுரங்கம் நின்ற பிறகு பொட்டலாக் கிடந்துச்சு. அங்க முளைச்சது என்ன தெரியுமா? நம்ம சீமைக்கருவேலமேதான்! 2010-ல நகரத்து மக்கள் சேர்ந்த ஒரு அமைப்பு மாநகராட்சியோட கைகோத்து வேலையை ஆரம்பிச்சது. செயற்கை நீரூற்று, யானை பொம்மைன்னு போகலை. மிச்சமிருந்த ஆரவல்லிக் காடுகளுக்குப் போய் விதை பொறுக்கி வந்தாங்க. தவ், சலாய் மாதிரி அந்த மலைக்கே உரிய மரங்களை அங்கேயே நாற்றங்கால் போட்டு வளர்த்தாங்க. பள்ளிப் பிள்ளைகள், குடியிருப்புவாசிகள், அலுவலக ஊழியர்கள்னு வருஷா வருஷம் வந்து மண்ணுல கை வெச்சாங்க.

அதோட பலன் பின்னாடி தெரிஞ்சது. பூங்கா வழியா ஆறுவழிச் சாலை போடலாம்னு ஒரு திட்டம் வந்தப்ப, நட்டவங்களே கை கோத்து எதிர்த்து நின்னாங்க. 2022 பிப்ரவரி 2 அன்று, சரணாலயம்னு அறிவிக்கப்படாமலே இயற்கையைக் காக்கிற பகுதியா, இந்தியாவிலேயே முதல் இடமா அதுக்கு அங்கீகாரம் கிடைச்சது. ஒப்பந்தக்காரர் மட்டும் கட்டிக் கொடுத்த பூங்காவா இருந்தா, சாலை வரும்போது யார் வந்து நின்னிருப்பா?

சரி, ஊரைக் கேட்கிறதுன்னா என்ன? மேடை போட்டு, வரைபடத்தைத் திரையில காட்டி, கைதட்டு வாங்குறது இல்லை. அந்தக் குவாரியில வேலை பார்த்த பெரியவர் இன்னும் ஊர்ல இருப்பார். எந்த மூலையில ஊத்து உடைஞ்சது, எந்தச் சுவர்ல வெடி வெச்சு விரிசல் விட்டிருக்கு, எது எத்தனை ஆழம், எல்லாம் அவர் மனசுல இருக்கு. எந்த இன்ஜினியர் கையிலயும் அந்த வரைபடம் கிடையாது. ஆடு மேய்க்கிற அக்காவைக் கேளுங்க: வேலி போட்டா ஆட்டுக்குத் தண்ணி எங்கே? காலையில நடக்கப் போற பெண்களைக் கேளுங்க, வெளிச்சமும் கழிப்பறையும்தான் முதல்ல சொல்வாங்க. பையன்களைக் கேட்டா நீச்சல்ன்னு சொல்வான். அவனைத் திட்டாதீங்க! ஆழமான பகுதியை அடைச்சுட்டு, ஒரு ஓரத்துல ஆழமில்லாத, படி வெச்ச, காவலாள் இருக்கிற குளம் கட்ட முடியுமான்னு அதிகாரிங்ககிட்ட கேளுங்க. தடை மட்டும் போட்டா அவன் சுவர் ஏறிக் குதிப்பான்.

இன்னொரு விஷயமும் உண்டு. கேட்க வேண்டியவங்க பட்டியல்ல வாய் பேசாத ஆட்களும் இருக்காங்க. சென்னைக்குத் தெற்கே நன்மங்கலம் காப்புக்காட்டுக்கு நடுவுல பழைய குவாரி இருக்கு. அந்தப் பாறை விளிம்புலதான் கொம்பன் ஆந்தை முட்டையிடுது. மனுஷன் வெட்டிப்போட்ட செங்குத்துச் சுவரை ஆந்தை வீடாக்கிக்கிச்சு. அதனால எல்லாச் சுவரையும் இடிச்சு, பெயின்ட் அடிச்சு, கலர் லைட் போட வேண்டாம். ஒரு பக்கம் இருட்டா, அமைதியா இருக்கட்டும். கல்லால மரமும் அத்தியும் பாறை இடுக்குல தானே வேர் பிடிச்சு வரும்.

"ஊர்க்காரங்களுக்கு இதெல்லாம் நிர்வாகம் பண்ணத் தெரியுமா?"ன்னு சில பேர் கேட்பாங்க. 1990-களின் தொடக்கத்துல புதுக்கோட்டை மாவட்டத்துல கல்குவாரிகளையே பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விட்டாங்க. கூலிக்குக் கல் உடைச்ச பெண்கள் குவாரியையே நடத்திக் காட்டினாங்க. பூங்கா நடத்துறது அதைவிடக் கஷ்டமா?

பணத்துக்கு எங்க போறதுன்னு அடுத்த கேள்வி வரும். 2015-ல சுரங்கச் சட்டத்துல கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு மாவட்ட கனிம அறக்கட்டளைன்னு ஒண்ணு இருக்கு. கனிமம் எடுக்கிறவங்க கட்டுற பணம் அதுல சேருது. சுரங்கத்தால பாதிக்கப்பட்ட பகுதிக்கும் மக்களுக்கும்தான் அதைச் செலவு பண்ணணும். பிள்ளையைக் குழியில பறிகொடுத்த ஊரைவிடப் பாதிக்கப்பட்ட பகுதி வேற எது?

இனி நீங்க செய்ய வேண்டிய வேலை. முதல்ல அந்த நிலம் புறம்போக்கா, பட்டாவா, குத்தகை எப்ப முடிஞ்சுது, மூடும் திட்டம்னு எதைக் கொடுத்தாங்கன்னு மாவட்ட கனிமவள அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்துல மனுப் போடுங்க. கட்டணம் பத்து ரூபாய், 30 நாள்ல பதில் தரணும். பட்டா நிலம்னா வழி வேற, உரிமையாளர்கிட்ட பேசணும், ஆனா வேலி போட வைக்கிறதை உடனே கேட்கலாம். பதில் வந்ததும் கிராம சபை. முன்னாடி வருஷத்துக்கு நாலு, 2022-ல இருந்து ஆறு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகர்ப்புறத் தோழர்களுக்கு பகுதி சபை இருக்கு. கட்சிக்கொடி எடுத்துட்டுப் போகாதீங்க. மாற்றுக் கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளையும் அந்தக் குழியிலதான் குளிக்குது, அவரையும் கூப்பிட்டு முன்னால உட்கார வையுங்க.

தீர்மானத்துல மூணு விஷயம் தெளிவா இருக்கணும்: உடனே வேலி, திட்டம் போடுறதுக்கு முன்னாடி ஊரோட கலந்தாய்வு, பராமரிப்புக் குழுவுல பாதிப் பேர் பெண்கள். எழுதினதை வாசிக்கச் சொல்லுங்க. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி பதிவேட்டுல அது ஏறியிருக்கான்னு உங்க கண்ணால பாருங்க. நகல் கேட்டு வாங்கிட்டு வந்து, அதை ஒரு போட்டோ எடுத்து இந்தப் பதிவுக்குக் கீழே போடுங்க. அடுத்த கூட்டத்துல எந்தெந்த ஊர்ல தீர்மானம் ஏறியிருக்குன்னு பேர் சொல்லி வாசிப்போம்.