மேடையில் நம் மேளம், கணக்கில் நம் பணம்



விளையாட்டு விழாக்களும் பண்பாடும் என்ற தலைப்பில் பேச அழைத்திருக்கிறீர்கள். நான் துணைத்திட்ட நிதி பற்றி ஆய்வு செய்பவன். அதனால் மேடையைப் பார்க்கும்போதே கணக்கையும் சேர்த்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு.

2010 அக்டோபர் 3 அன்று தில்லி ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கில் காமன்வெல்த் போட்டிகளின் தொடக்க விழா நடந்தது. பல மாநிலங்களின் மேளங்கள் முழங்கின. தலைக்கு மேல் மிதந்த ராட்சத பலூனுக்கு மட்டும் சுமார் 40 கோடி ரூபாய் என்று நாளிதழ்கள் எழுதின. ரயில் பயணமாக அமைந்த ஒரு காட்சியில் உழைக்கும் மக்கள், சிறு வியாபாரிகள் என எல்லோரும் வந்தார்கள். 'இதுதான் இந்தியா' என்று உலகத்துக்குக் காட்டினார்கள்.

ஆனால் அந்தப் போட்டிகளுக்காகவே தில்லியில் குடிசைகள் இடிக்கப்பட்டன. தெருவோர வியாபாரிகள் விரட்டப்பட்டார்கள். பிச்சை எடுத்தவர்கள் பிடிக்கப்பட்டார்கள். மிச்சமிருந்த குடிசைகள் விருந்தினர் கண்ணில் படாமலிருக்கத் தட்டி வைத்து மறைத்தார்கள். வேடம் போட்ட வியாபாரிக்கு அரங்கத்தில் இடம் இருந்தது. நிஜ வியாபாரிக்குத் தெருவில்கூட இடம் இல்லை.

இனி கணக்குக்கு வருகிறேன். பட்டியல் சாதியினரின் மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்பத் திட்ட நிதியில் பங்கு ஒதுக்கவேண்டும், அதை வேறு எதற்கும் திருப்பக்கூடாது என்பதுதான் சிறப்புக்கூறு திட்டத்தின் அடிப்படையாக இருந்தது. 2001 கணக்கெடுப்பின்படி தில்லியில் நம் மக்கள் கிட்டத்தட்ட 17 விழுக்காடு. கல்வி உதவித்தொகைக்கும் வீட்டுக்கும் தொழிலுக்கும் போகவேண்டிய அந்தப் பணத்திலிருந்து 744 கோடி ரூபாய் காமன்வெல்த் பணிகளுக்குத் திருப்பப்பட்டதை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பெற்ற ஆவணங்கள் 2010 மே மாதம் வெளிக்கொண்டுவந்தன. தலித் அமைப்புகள் போராடின. அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம், சுமார் 678 கோடி ரூபாய் திருப்பப்பட்டது தவறு என்று மாநிலங்களவையில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

அந்தப் பணம்தான் பலூனாகப் பறந்தது என்று நான் சொல்லவில்லை. சாலை, மைதானம் போன்ற வேலைகளுக்கு அது போனது. அந்தச் சாலையில் எல்லோரும்தானே போவார்கள் என்று அரசு சொல்லலாம். எல்லோருக்குமான சாலையை எல்லோருடைய பணத்திலும் போடட்டும். நம் பிள்ளைகளின் உதவித்தொகையில் ஏன் போடவேண்டும்?

அப்படியானால் கலை நிகழ்ச்சியே வேண்டாமா என்று கேட்பார்கள். நிச்சயம் வேண்டும். மேளத்துக்குத் தோல் பதப்படுத்தியவர்களைத் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கிவிட்டு, அதன் ஓசையை மட்டும் தேசியப் பெருமையாக எடுத்துக்கொள்வதைத்தான் எதிர்க்கிறோம். கலைஞருக்கு மேடை மட்டும் போதாது. உரிய கூலியும் மரியாதையும் வேண்டும்.

2030இல் காமன்வெல்த் போட்டிகள் அகமதாபாத்தில் நடக்கவிருக்கின்றன. மீண்டும் பெரிய விழா வரும், மேளங்களும் வரும். விழா முடிந்தபிறகு ஆவணம் தேடிப் பயனில்லை. ஒவ்வொரு ஆண்டும் நிதிநிலை அறிக்கை வரும்போதே நமக்கான ஒதுக்கீடு எங்கே போகிறது என்று கேட்கவேண்டும். எந்தக் குடியிருப்பை அகற்றப்போகிறார்கள் என்று இப்போதே கேட்கவேண்டும். அண்ணல் அம்பேத்கர் பொருளாதாரம் படித்தவர். அரசாங்கக் கணக்கைப் படிப்பதும் அவர் வழியில் நடப்பதுதான்.