நன்கொடையாளர் பதிவேடு
(பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நம்மைப் போன்ற சிறிய அமைப்புகளில் நன்கொடையாளர் விவரம் பெரும்பாலும் ஒருவர் ஞாபகத்தில்தான் இருக்கிறது. பொருளாளர் வெளியூர் போனால் அதுவும் கூடவே போய்விடும்.

2021-22 நிதியாண்டு முதல், வரிச்சலுகை அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் கொடுத்தவரின் பெயர், முகவரி, பான் எண், தொகை ஆகியவற்றை வருமானவரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் அவருக்குச் சலுகை கிடைக்காது. 2017 ஏப்ரல் முதல் ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது. வாங்கும்போதே இதைச் சொல்லிவிடுவது மரியாதை.

ஆனால் பான் எண் மட்டும் உறவாகாது. எக்செல்லில் மேலும் மூன்று கட்டங்கள் சேருங்கள் என்பதே என் வேண்டுகோள்: எதற்காகக் கொடுத்தார் - தாயார் நினைவாகவா, பிள்ளைகள் படிப்புக்கா? அந்தப் பணம் என்ன ஆயிற்று என்று அவருக்கு என்றைக்குச் சொன்னோம்? கடைசியாகப் பேசியது யார்?

இரண்டு வருஷம் கொடுத்து மூன்றாம் வருஷம் நிறுத்தியவரைக் குறை சொல்லுமுன் பதிவேட்டைப் பாருங்கள். நடுவில் ஒருமுறையாவது விசாரித்தோமா என்பது தெரிந்துவிடும்.

பிரதி இருவரிடம் இருக்கட்டும். மாதம் பத்துப் பேருக்கு, பணம் கேட்காமல் ஒரு போன் போதும். உதவி பெறும் குழந்தையின் அடுத்த வருஷ ஃபீஸ் அதில்தான் இருக்கிறது.