முதல் கோட்டுக்கு முன்

நாம் கூடியிருக்கும் சிட்னி, கடிகல் குடியினரின் மண். அவர்களின் முன்னோருக்கும் இன்றைய பெரியோருக்கும் முதல் வணக்கம். நகரப் பொதுவெளிகளில் பூர்வகுடிப் பண்பாட்டுக்கு உரிய இடத்தைத் தமிழில் ஆராய வந்திருக்கிறோம். பின்னால் குடியேறி, இந்தப் பூங்காக்களில் உலவும் நமக்கும் இதில் பொறுப்பு உண்டு.

இன்று ஆபரா ஹவுஸ் நிற்கும் பென்னலாங் முனையில், தலைமுறை தலைமுறையாக மக்கள் உண்டு போட்ட கிளிஞ்சல்கள் குவிந்து கிடந்தன. 1788இல் வந்திறங்கிய ஆங்கிலேயரின் குடியேற்றம் அவற்றைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிக் கட்டடம் எழுப்பியது. ஒரு பண்பாட்டின் தடயமே இன்னொன்றின் சுவருக்குக் காரையாயிற்று.

அந்த முனைக்கு மேலுள்ள புல்வெளியில் 2022 முதல் ‘பாரா’ என்னும் சிற்பம் நிற்கிறது. வான்யி இனத்து ஓவியர் ஜூடி வாட்சனின் படைப்பு. ஆறு மீட்டருக்கும் மேல் உயரம். பிறை போல் வளைந்த அதன் வடிவம், இத்துறைமுகத்துப் பெண்கள் சிப்பியைத் தேய்த்துச் செய்த தூண்டில் முள்ளுடையது. மரப்பட்டைத் தோணியில் களிமண் பரப்பி, அதன்மேல் தீ மூட்டி, பிடித்த மீனை அங்கேயே சுட்ட பெண்கள் அவர்கள்.

பாராவை வரவேற்கிறேன். ஆனால் திட்டம் தீட்டி, டெண்டர் விட்டு, கான்கிரீட்டும் போட்டபின் ஒரு சிற்பத்துக்காக மட்டும் பூர்வகுடிகளை அழைப்பது பங்கேற்பு ஆகாது. இதே சிட்னியின் பராங்கரூவைப் பாருங்கள். சரக்குத் துறையாக இருந்த நிலத்தை 1836ஆம் ஆண்டுக் கரையோரத்தையொட்டித் திருத்தி, 75,000க்கும் மேற்பட்ட செடி மரங்களை நட்டு, 2015இல் பூங்காவாகத் திறந்தார்கள். நல்ல வேலை. ஆளுநரின் விருந்திலும் ஆங்கில உடை உடுத்த மறுத்த மீனவப் பெண்ணின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். அதே பெயர் தாங்கிய வளாகத்தில்தான் 271 மீட்டர் உயரச் சூதாட்ட விடுதியும் எழுந்தது. பெயர் கொடுத்தவர்கள் அதிகாரம் கொடுத்தார்களா என்று கேட்கத்தான் வேண்டும்.

மெல்பர்னில் வேறு வழி தெரிகிறது. யாரா ஆற்றைக் காக்க விக்டோரியா மாநிலம் 2017இல் இயற்றிய சட்டம், ஆற்றையும் அதன் கரைநிலங்களையும் உயிருள்ள ஒரே முழுமையாக ஏற்கிறது. அதன்படி அமைந்த பிர்ராருங் மன்றத்தில் பூர்வகுடியினரான வுருண்ட்ஜெரி மக்களின் பிரதிநிதிகள் இருவரேனும் இருந்தாக வேண்டும். அம்மன்றம் ஆலோசனை கூறும் அமைப்புதான். எனினும் இங்கே அவர்களுக்கு நாற்காலி சட்டப்படி கிடைத்தது, யாருடைய தயவாலும் அல்ல.

இன்று வாசிக்கப்படும் ஒவ்வொரு கட்டுரையிடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள். வரைபடத்தில் முதல் கோடு விழுமுன் யாரைக் கலந்தார்கள்? அவர்கள் ‘வேண்டாம்’ என்றால் திட்டம் நின்றிருக்குமா? திறப்பு விழாவுக்குப் பிறகு அந்த இடத்தைப் பராமரிப்பதில் அவர்களுக்கு வேலையும் ஊதியமும் உண்டா? விடை சொல்லத் தயங்கும் திட்டத்தை, படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், பாராட்டிவிடாதீர்கள்.

கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.