வீட்டுச் சாவியைப் பெறுமுன்: நிறைவுப் பரிசோதனை பற்றிய உரை



1877-ஆம் ஆண்டில் நம் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் ஊன்றப்பட்டன. அதன் பின்னர் வந்த நம் முன்னோர் பல தலைமுறைகள் பால் மரத்தை நம்பி வாழ்ந்தனர். ஆயினும் அவர்கள் குடியிருந்த லயத்து வீடு அவர்களுடையது அன்று. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. என் தந்தையாரும் ஓய்வு பெற்ற மாதத்திலேயே வீட்டுச் சாவியை அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்தவர்தாம். தோட்டத் துண்டாடலால் தொழிலாளர் தவித்த காலத்தில், 1960-ஆம் ஆண்டில், சுங்கை சிப்புட் தந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதன் காரணமும் இதுவே: உழைப்பவனுக்கு ஊன்றி நிற்க ஓரிடம் வேண்டும்.

இன்று ஈப்போவைச் சுற்றியுள்ள பழைய தோட்ட நிலங்கள் பலவற்றில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. நம் பிள்ளைகள் சேமநிதிப் பணத்தையும் வங்கிக் கடனையும் சேர்த்து வீடு வாங்குகின்றனர். வாழ்நாள் சேமிப்பு முழுவதும் ஒரு வீட்டில் அடங்குகிறது. ஆகவே, கட்டி முடிந்த வீட்டை எவ்வாறு பரிசோதித்துப் பெற வேண்டும் என்பதை நாம் அறிந்திருத்தல் அவசியம்.

ஒரு வீடு முடிவுற்றதும் மூன்று வகையான பரிசோதனைகள் நிகழ்கின்றன. இவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளலாகாது.

முதலாவது, சான்றிதழுக்கான பரிசோதனை. முன்னாளில் குடிபுகும் தகுதிச் சான்றிதழை ஊராட்சி மன்றமே வழங்கி வந்தது. 2007-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் முதல் அதற்குப் பதிலாக, சி.சி.சி. எனப்படும் நிறைவு, இணக்கச் சான்றிதழ் நடைமுறைக்கு வந்தது. கட்டடக் கலைஞர் அல்லது பொறியாளர் போன்ற தகுதிபெற்ற நிபுணர் இதனை வழங்குகிறார். அடித்தளம், நீர்க்குழாய், மின்கம்பி முதலிய ஒவ்வொரு பணிக்கும் அதனைச் செய்தவரும் மேற்பார்த்தவரும் கையெழுத்திட்ட பின்னரே இச்சான்றிதழ் வரும். வீடு சட்டப்படி குடியிருக்கத் தக்கது என்பதே இதன் பொருள். சுவரில் வெடிப்பே இல்லை என்பது இதன் பொருளன்று.

இரண்டாவது, மதிப்பீட்டாளரின் பரிசோதனை. சொந்த நிலத்தில் குத்தகையாளரைக் கொண்டு வீடு கட்டுவோருக்குக் கடன் தரும் வங்கி, தன் சார்பில் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரை அனுப்பிப் பார்க்கச் செய்வதுண்டு. வீடு வரைபடத்தின்படி முடிந்துள்ளதா, கொடுத்த கடனுக்கு அது ஈடாகுமா என்பதையே அவர் நோக்குவார். அவருடைய அறிக்கை வங்கியின் காப்புக்காக எழுதப்படுவது. குளியலறையில் நீர் தேங்குவதை அவர் நமக்காக எழுதித் தருவார் என எதிர்பார்த்தல் ஆகாது.

மூன்றாவது, நாமே செய்யும் பரிசோதனை. மற்ற இரண்டும் இதற்கு ஈடாகா. பால் நிறுக்கும்போது தராசு முள்ளைப் பார்க்காமல் எந்தத் தொழிலாளியாவது நகர்ந்தது உண்டா? அந்த விழிப்பு வீடு வாங்கும்போதும் வேண்டும்.

பகல் வெளிச்சத்தில் செல்லுங்கள். மழை பெய்த மறுநாளாயின் மிக நன்று. கூரை ஒழுக்கும் மேற்பலகைக் கறையும் தாமே தெரியும். முதலில் வெளியே எல்லைக் கற்கள், கால்வாய், கழிவுநீர்த் தொட்டி மூடி ஆகியவற்றைப் பாருங்கள். பின்னர் உள்ளே ஒவ்வோர் அறையாகச் செல்லுங்கள். தரை ஓடுகளை ஒரு காசால் தட்டுங்கள். வெற்றொலி கேட்டால் அடியில் சாந்து நிரம்பவில்லை. குளியலறையில் ஒரு வாளி நீரை ஊற்றி, அது வடிகால் நோக்கி ஓடுகிறதா எனக் கவனியுங்கள். கதவு, சன்னல் அனைத்தையும் திறந்து மூடுங்கள். குழாய்களையும் மின்விசைகளையும் இயக்கிப் பாருங்கள். கண்ட குறைகளை அறைவாரியாக எழுதி, படமும் எடுத்து, இரண்டு படிகள் தயாரியுங்கள். ஒன்றை வீடமைப்பு நிறுவனத்தாரிடம் கொடுத்து, மற்றதில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாய்ச்சொல் சான்றாகாது.

உரிமம் பெற்ற நிறுவனத்திடம் வாங்கும் வீட்டுக்கு 1966-ஆம் ஆண்டின் வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டம் துணை நிற்கிறது. நிலத்தோடு கூடிய வீட்டை ஒப்பந்த நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். தவறினால் விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம் நாள் கணக்கில் இழப்பீடு உண்டு. இரண்டு லட்சம் ரிங்கிட் வீட்டுக்கு இது நாளொன்றுக்கு ஏறத்தாழ 55 ரிங்கிட் ஆகும்.

ஒப்படைத்த நாளிலிருந்து 24 மாதங்கள் குறை நீக்கும் காலம். எழுத்து மூலம் அறிவித்த 30 நாட்களுக்குள் நிறுவனத்தார் தம் செலவில் பழுது நீக்க வேண்டும். நீக்காவிடில், பழுதுபார்க்கும் செலவுக் கணக்கை அவர்களுக்கு அறிவித்து, மேலும் 30 நாள் தவணை தர வேண்டும். அதுவும் பயன் தராவிட்டால் நாமே பழுதுபார்த்து, வழக்கறிஞரிடம் இருப்பில் உள்ள பணத்திலிருந்து அச்செலவைப் பெறலாம். விலையில் 5 விழுக்காடு இதற்காகவே நிறுத்தி வைக்கப்படுகிறது. அதில் பாதி 8 மாதங்களிலும், மீதி 24 மாதங்களிலும் நிறுவனத்தாரைச் சேரும். அதனால்தான் காலந்தாழ்த்தாமல் குறைகளை அறிவிக்க வேண்டும் என்கிறேன். பணம் கைமாறிய பின் முறையிடுவது கடினம்.

அதற்கும் இணங்காவிட்டால், 2002-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளில் அமைந்த வீடு வாங்குவோர் நடுவர் மன்றம் உண்டு. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 10 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இன்றி, நாமே தாக்கல் செய்யலாம். குறை நீக்கும் காலம் முடிந்து 12 மாதங்களுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும்.

சொந்த நிலத்தில் குத்தகையாளரைக் கொண்டு கட்டுவோருக்கு இவ்வொப்பந்தப் பாதுகாப்பு இல்லை. அவர்கள் இறுதித் தவணையில் ஒரு பகுதியைச் சில மாதங்கள் நிறுத்தி வைக்கும் விதியை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளல் வேண்டும்.

தோழர்களே, "வீடு மிக நன்றாக உள்ளது" என அச்சிட்ட தாளைச் சாவியோடு நீட்டினால், படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். படிக்க இயலாத பெற்றோர் படித்த பிள்ளையை உடன் அழைத்துச் செல்லுங்கள். நம் முன்னோர் திருப்பிக் கொடுத்த சாவியை நாம் நமக்கென்று பெறுகிறோம். அதைப் பெறும் நாளில் அவசரம் வேண்டா.