மாத்திரையை நிறுத்திய பிறகு

1935ஆம் ஆண்டு. சிகாகோ மருத்துவர்கள் ஸ்டைனும் லெவந்தாலும் 7 பெண்களைப் பற்றி எழுதினார்கள். மாதவிலக்கு வருவதில்லை, சூலகத்தில் நீர்க்கட்டிகள். இன்று நாம் பி.சி.ஓ.எஸ். என்று சொல்வது இதைத்தான். சூலகத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். 7 பேருக்கும் விலக்கு திரும்பியது.

இப்போது கத்திக்கு வேலை குறைவு. கருத்தடை மாத்திரை கொடுக்கிறார்கள், மாதா மாதம் கணக்காக உதிரம் வருகிறது. ஆனால் அது மாத்திரையின் இடைவெளியில் வருவது; கருமுட்டை வெளியானதற்குச் சாட்சி அல்ல. அதனால்தான் நிறுத்தியதும் பலருக்கு விலக்கு தள்ளிப்போகிறது, முகப்பரு எட்டிப்பார்க்கிறது. "அந்த மாத்திரைதான் உடம்பைக் கெடுத்தது" என்பார்கள் வீட்டில். பாவம் மாத்திரை! அது அடக்கி வைத்திருந்ததுதான் வெளியே வருகிறது.

3 மாதமாக விலக்கு இல்லையா? முதலில் கர்ப்பப் பரிசோதனை. விலக்கு வருமுன்பே கருமுட்டை வெளியாகியிருக்கலாம். கர்ப்பம் இல்லையென்றால் மருத்துவரிடம் போய்விட வேண்டும். உதிராமல் தடித்துக்கொண்டே போகும் கருப்பை உள்சவ்வு பின்னாளில் புற்றுநோய்க்கு வழிவிடலாம். சில நாள் புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரை கொடுத்து அதை உதிரச் செய்வார்கள்.

சாப்பாட்டில் மந்திரம் எதுவும் இல்லை. பி.சி.ஓ.எஸ். பற்றி 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் எந்த உணவுமுறைக்கும் முதலிடம் தரவில்லை, 'பி.சி.ஓ.எஸ். டயட்' விற்பவர்களுக்கு இது கசக்கும். வாரம் 150 நிமிடமாவது வேக நடை வேண்டும். எடை கூடியவர்களில் சிலருக்கு 5 சதவீதம் குறைந்தாலே விலக்கு சீராகிறது. பி.சி.ஓ.எஸ். சர்க்கரை நோய்க்கும் வழிவிடலாம் என்பதால், ஒல்லியானவர்களும் 1 முதல் 3 ஆண்டுக்கு ஒருமுறை சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.