பழைய ஏடுகளைக் காப்போம்



1544-ல் புனித சவேரியார் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் அதிகமானோருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். இது நமக்கு எப்படித் தெரியும்? 1545 ஜனவரியில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய கடிதத்தைப் பத்திரப்படுத்தி வைத்தார்கள், அதனால் தெரியும்.

இதற்குப் பெரிய அதிகாரம் வேண்டியதில்லை. நம் தேரூர்க் கவிமணி ஓர் ஆசிரியர். அவரே நாஞ்சில் நாட்டுக் கல்வெட்டுகளைத் தேடி ஆராய்ந்தார்.

முன்பு நான் இருந்த ஒரு பங்கில், புதுக்கோவில் கட்டும் அவசரத்தில் பழைய கல்லறைக் கற்களை அஸ்திவாரத்தில் போட்டுவிட்டார்கள். நானும் வாய் திறக்கவில்லை. பின்பு ஒரு பெரியவர், "சாமி, எங்க பூட்டன் கல்லறை எங்கே?" என்று கேட்டார். நான் தலைகுனிந்து நின்றேன்.

ஆகவே, ஜூபிலி நினைவாக நம் ஊருக்கு ஒரு வரலாற்றுக் குழு அமைப்போம். கரையான் அரிக்குமுன் ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகளைப் படமெடுப்போம். கல்லறைத் தோட்டத்துக் கற்களிலுள்ள பெயர்களை எழுதி வைப்போம். முதியோர் சொல்லும் ஊர்க்கதைகளை, அவர்கள் இருக்கும்போதே, கேட்டுக் குறிப்போம். ஜாதி, மத பேதமின்றி ஊரார் எல்லாரையும் இதில் சேர்ப்போம்.

நாளை ஒரு பேரன் வந்து கேட்டால், ஏட்டைத் திறந்து காட்ட இந்தப் பங்கால் முடிய வேண்டும். இறைவன் நம் முயற்சியை ஆசீர்வதிப்பாராக!